ஏவலும் விலக்கலும்

சிறியதொன்று பெரியதொன்றை ஏவுங் காட்சி மனிதனுக்கு என்றும் வியப்பூட்டுவது. யானைப் பாகன் கையிலுள்ள அங்குசம் சிறியதொரு கோலே; அதன் நுனி தொட்ட குறிப்பில் மலைபோன்ற உடல் திரும்புகின்றது. மின்னியலில் இத்தகைய வியப்பை நிகழ்த்துவது ரிலே என வழங்கும் சிறு கருவியாகும். தீப்பெட்டியினும் சிறிய அப்பெட்டியின் ஒருபுறம் ஐந்து வோல்ற்று மின்னழுத்தத்தில் இயங்கும் சுருள். மறுபுறம் வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் வல்ல தொடுகைகள். இரண்டுக்குமிடையே கம்பித் தொடர்பு எதுவுமில்லை. சுருளிற் பிறக்கும் காந்தவிசை மட்டுமே நடுவிலுள்ள வெளியைக் கடந்து ஓர் இரும்புத் துண்டை ஈர்க்கின்றது. விளையாட்டு ரோபோ ஒன்றின் மின்பலகைகூட இதன் துணைகொண்டு பெரிய மோட்டார் ஒன்றைச் சுழலச் செய்யலாம். முதன்முதலிற் காண்பவர் ஏவுந் திறனையே வியப்பர். ஏவியதை விலக்கவும் அதனால் இயலுமா என்ற வினா பின்னரே எழும். சிலருக்கு அவ்வினா காலங்கடந்தே எழுகின்றது. பூண்டுலோயாவின் மலைச்சரிவொன்றிலே, ஒரு லயத்திற் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் அவ்வினாவைச் சந்தித்த கதை இது.

பூண்டுலோயா நீருக்குப் பஞ்சமில்லாத ஊர். ஊருக்குப் பெயர் தந்த ஆறு தேயிலை மலைகளினூடே இறங்கிக் கொத்மலை ஓயாவுடன் கலக்கின்றது. அந்நீர் வளத்தை நம்பியே 1985 இல் 201 மெகாவாற்றுத் திறனுள்ள கொத்மலை மின்னிலையமும், 2012 இல் தலவாக்கலையில் அணைகட்டி 150 மெகாவாற்றுத் திறனுள்ள மேல் கொத்மலை மின்னிலையமும் இயங்கத் தொடங்கின. மலைநாட்டு நீரின் வலிமையை உணர்ந்தோர் அதற்கு நெடுங்காலம் முன்னரும் இருந்தனர். பொறியியலாளர் விமலசுரேந்திர நுவரெலியா நகருக்கு மின்னொளி தரும்பொருட்டு 1912 இல் பிளாக்பூல் என்னுமிடத்திலே சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்தார். தேயிலைத் தோட்டங்கள் பலவும் தத்தம் ஓடைகளில் சிறு சுழலிகளை நிறுவித் தொழிற்சாலைப் பொறிகளை ஓட்டின. ஆயினும் ஓடைநீர் பிறப்பித்த மின்சாரம் தொழிற்சாலை வாசலைத் தாண்டி லயத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. கொழுந்து வாட்டும் விசிறி மின்சாரத்தாற் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், அக்கொழுந்தைப் பறித்தவளின் காம்பராவில் குப்பிவிளக்கே எரிந்தது.

குறித்த லயத்துக்குப் பின்னாளில் மின்சாரம் வந்தது, நீர் வரவில்லை. பன்னிரண்டு காம்பராக்களிலும் குடியிருந்தோர் பணியப் பக்கத்திலுள்ள பீலிக்கரையிலிருந்து குடத்திலேயே நீர் சுமந்தனர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் தமக்குள் பணம் சேர்த்து அரைக் குதிரைவலுவுள்ள மோட்டாரொன்றை வாங்கினர். பீலிக்கரையிற் கட்டிய தொட்டியிலிருந்து லயத்துக்கு மேலேயுள்ள மேட்டில் வைத்த ஆயிரம் லீற்றர்த் தாங்கிக்கு அது நீரேற்றியது. மோட்டாருக்குரிய ஆளி, பீலிக்கரைக்கு அண்மையிலிருந்த கடைசிக் காம்பராவின் வெளிச்சுவரிலே பொருத்தப்பட்டது. அக்காம்பரா இவ்விளைஞனின் தாயுடையதாதலால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டாரை ஓடவிடுவதும், தாங்கி நிரம்பியதும் நிறுத்துவதும் அவள் கடமையாயின. பெரட்டுக்குப் போகுமுன் அவள் செய்யும் வேலைகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

ஒருநாள் பாத்திரம் கழுவிய கையோடு அவள் அந்த ஆளியைத் தொட்டாள். ஈரம் கசிந்து துருவேறிய பெட்டி அவளைச் சுவரிலிருந்து தூக்கி எறிந்தது. உயிருக்குத் தீங்கில்லை, முழங்கை மட்டும் சில நாள் வீங்கியிருந்தது. அவள் அதனைப் பெரிதாக எவரிடமும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த மகன்தான் வீக்கத்தைக் கண்டு கேட்டறிந்தான். உயர்தரத்தில் தொழினுட்பத் துறையிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்தவன் அவன். உலர்ந்த தோல் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை ஈரத்தில் மிகவும் குறைந்துவிடும் என்பதையும், ஆயிரம் ஓம் தடையினூடே 230 வோல்ற்று 230 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும் என்பதையும், அதிற் சிறுபகுதியே இதயத்தை நிறுத்தப் போதும் என்பதையும் அவன் ஏட்டிற் கற்றிருந்தான். அந்தக் கணக்கு முதன்முறையாகத் தாயின் கையாக அவன்முன் நின்றது. மழையிலும் நீரிலும் வாழுங் கை அது. அந்தக் கை ஐந்து வோல்ற்றுக்கு மேல் எதனையும் தொடலாகாது என அவன் முடிவு செய்தான்.

பள்ளியிற் பயின்ற காலத்திலே, தரையில் வரைந்த கருங்கோட்டைத் தொடர்ந்து ஓடும் சிறு ரோபோ ஒன்றை அவன் செய்திருந்தான். 2005 இல் இத்தாலியில் மாணவருக்கென உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ வகைப் பலகையே அதற்கு மூளையாக இருந்தது. தூசுபடிந்து பெட்டியிற் கிடந்த அப்பலகையை அவன் மீண்டும் எடுத்தான். தாங்கியில் ஒரு மிதவை ஆளி, பலகையிலே ஒரு கடிகார நிரல், சுவரில் ஐந்து வோல்ற்றுப் பொத்தான், மோட்டாருக்கு ஒரு ரிலே என்பன அவன் வகுத்த திட்டம். கோட்டைத் தொடரும் ரோபோவுக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் பெரிய வேறுபாடில்லை என அவன் எண்ணினான். இரண்டும் ஓடுவன, நிற்பன, வேறென்ன?

முதற் பிழை அன்றே நேர்ந்தது. ரிலேயின் சுருளை அவன் பலகையின் ஊசியொன்றில் நேரே இணைத்தான். ரிலே சில தடவை ஒலியெழுப்பியது, பின்னர் அடங்கிவிட்டது. அவ்வூசி மீண்டும் இயங்கவேயில்லை. காரணம் எளியது. அச்சுருளின் தடை 70 ஓம். ஐந்து வோல்ற்றில் அது ஏறக்குறைய 71 மில்லி அம்பியரை வேண்டும். பலகையின் ஊசியோ 20 மில்லி அம்பியரையே இயல்பாகத் தரவல்லது. 40 அதன் இறுதி எல்லை. பெரியதை ஏவும் ரிலேயை ஏவுதற்கே அந்த மூளைக்கு வலுப் போதவில்லை. இடையிலே திரான்சிற்றர் ஒன்று வேண்டியிருந்தது. ஆயிரம் ஓம் தடையியினூடே திரான்சிற்றரின் அடிக்குச் செல்லும் 4.3 மில்லி அம்பியர், சுருளுக்குரிய 71 மில்லி அம்பியரைத் திறந்துவிடும். ஆக மூளை திரான்சிற்றரை ஏவ, திரான்சிற்றர் ரிலேயை ஏவ, ரிலே மோட்டாரை ஏவும்.

தன்னினும் சற்றே வலியதை ஏவி, அதன்வழி அடுத்ததை ஏவும் இம்முறை, ரிலே என்ற சொல்லிலேயே பொதிந்துள்ளது. நெடும் பயணத்திற் களைத்த குதிரையை வழியில் நிறுத்திப் புதிய குதிரையைப் பூட்டும் வழக்கத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது. தந்திக் கம்பியில் நெடுந்தூரம் சென்று தளர்ந்த மின்னோட்டத்துக்கு இடைவழியிற் புத்துயிர் ஊட்டிய கருவிக்கு அப்பெயர் பொருத்தமாயிற்று. அக்கருவியின் தோற்றத்தை ஆராய்வார் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் பெயரைக் குறிப்பிடுவர். 1831 இல் இரண்டாயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கும் மின்காந்தத்தைச் செய்து புகழ்பெற்றவர் அவர். பிரின்ஸ்ரன் கல்லூரியில் 1835 அளவில் அவர் மாணவருக்குக் காட்டிய சோதனை ஈண்டு நோக்கத்தக்கது. நெடுங்கம்பி வழியே வந்த மெலிந்த மின்னோட்டம் சிறு காந்தமொன்றை இயக்கும். அச்சிறு காந்தம் பெருங்காந்தத்தின் சுற்றைத் துண்டிக்கும். பெருங்காந்தம் தாங்கிநின்ற பாரம் பேரொலியுடன் வீழும். ரிலேயின் தொடக்க நாளிலேயே அதன் ஆற்றல் ஒன்றை இயக்கியதால் மட்டுமன்றி, ஒன்றை நிறுத்தியதாலும் வெளிப்பட்டது எனலாம்.

இளைஞனின் இரண்டாம் பிழை நிறுத்துவதிலேயே நேர்ந்தது. திரான்சிற்றரைப் பொருத்தியபின் மோட்டார் ஒழுங்காக ஓடியது. ஆனால் அதனை நிறுத்தும் பொழுதெல்லாம் பலகை திகைத்துத் தன் நிரலைத் தொடக்கத்திலிருந்து நடத்தலாயிற்று. நான்காம் நாள் திரான்சிற்றர் பழுதாயிற்று. சுருளிலே மின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ்ந்த காந்தப் புலத்தில் ஆற்றல் சேமிக்கப்படுகின்றது. மின்னோட்டம் சடுதியாகத் துண்டிக்கப்படுமாயின் அவ்வாற்றல் போக்கிடமின்றிச் சீறும். ஐந்து வோல்ற்றுச் சுருளே நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட அதிர்வைக் கணப்பொழுதில் எழுப்பிவிடும். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டயோட் ஒன்றைச் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் இணைத்தால், சீறும் ஆற்றல் அதனுள்ளே சுழன்று தணிந்துவிடும். இயங்கும்போது அந்த டயோட்டுக்கு எவ்வேலையுமில்லை. நிறுத்துங் கணத்துக்காகவே அது காத்திருக்கின்றது. விலை மிகக் குறைந்த அப்பொருளை அவன் வேண்டாததெனக் கருதி விட்டிருந்தான். அதனைப் பொருத்தியபின் பலகையின் திகைப்பு ஒழிந்தது.

ஆறு வாரம் யாவும் செவ்வனே நடந்தன. எல்லோரும் சமைத்து முடித்து உறங்கும் இரவு ஒன்பது மணிக்கு மோட்டார் தானே ஓடும். தாங்கி நிரம்பியதும் தானே நிற்கும். தாய் நான்கு மணிக்கு எழவேண்டிய தேவை ஒழிந்தது. விடுமுறை முடிந்து அவனும் பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பினான். தன் கல்வி தன் வீட்டுக்குப் பயன்பட்டதென்ற நிறைவு அவனுக்கிருந்தது. அது பொய்யான நிறைவுமன்று.

ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவின் மறுநாள் விடியற்காலையில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, பொட்டியில வெளிச்சம் அணைஞ்சிருக்கு. ஆனா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள்.

அவன் அயலவர் ஒருவரைக்கொண்டு பிரதான ஆளியை நிறுத்துவித்தான். மோட்டார் அதுவரை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய முப்பது லீற்றர் நீரேற்றும் மோட்டார் அது. எட்டு மணித்தியாலத்தில் 14,400 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கியில் அடங்காத நீர் முழுவதும் மேட்டிலிருந்து வழிந்து, ஏற்கனவே மழையில் ஊறியிருந்த மண்ணில் இறங்கியிருந்தது. தகரக் கூரையில் விழுந்த மழையின் ஓசையில் மோட்டாரின் ஒலியோ நீர் வழியும் ஒலியோ எவர் செவிக்கும் எட்டவில்லை. லயத்தின் பின்புற மண்மேடு ஓரிடத்தில் இளகிச் சரிந்து, ஒரு காம்பராவின் பின்கதவை அரையளவுக்கு மூடியிருந்தது. அக்காம்பராவில் மூன்று பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். சேறு கதவோடு நின்றுவிட்டது.

மலையகத்தில் மண்சரிவு என்ற சொல்லை எவரும் இலேசாகச் சொல்வதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கிவந்து லயங்களை மூடியதை அங்குள்ளோர் மறந்தாரல்லர். அன்று சரிந்தது மலை; இங்கே சரிந்தது ஒரு மண்மேடு. எனினும் பின்கதவைத் தள்ளிப் பார்த்துத் திறக்க முடியாமல் நின்ற அந்தத் தாய்க்கு இவ்வேறுபாடு அக்கணத்திற் புலப்பட்டிராது. அன்று மாலையே ஊர் திரும்பிய இளைஞனை எவரும் கடிந்துகொள்ளவில்லை. மூன்று பிள்ளைகளின் தந்தை மண்வெட்டியொன்றை அவன் கையிற் கொடுத்தார். இருவரும் இருட்டும்வரை சேறு அள்ளினர். கடிந்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

இரவு அவன் ரிலேயைக் கழற்றினான். அதன் உறையில் பத்து அம்பியர் எனப் பொறிக்கப்பட்டிருந்தது. அரைக் குதிரைவலு மோட்டார் ஓடும்போது மூன்று அம்பியர் அளவே கொள்ளும். ஆகவே பத்து என்பது மும்மடங்குப் பாதுகாப்பென அவன் கணக்கிட்டிருந்தான். மோட்டார் புறப்படுங் கணத்தில் அதன் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை அவன் கணக்கிற் கொள்ளவில்லை. நாள்தோறும் அக்கணத்தில் தொடுகைகளிடையே எழுந்த தீப்பொறி சிறிது சிறிதாக உலோகத்தை உருக்கி, ஒருநாள் இரண்டையும் ஒட்டிவிட்டது. தாங்கி நிரம்பியதை மிதவை ஆளி அறிவித்தது. பலகை 'நிறுத்து' என்றது. திரான்சிற்றர் கீழ்ப்படிந்தது. சுருள் தன் பிடியை விட்டது. விளக்கும் அணைந்தது. உருகி ஒட்டிய தொடுகை மட்டும் பிரியவில்லை. பலகையின் அறிவுக்கு எட்டியவரை மோட்டார் நின்றுவிட்டது. கட்டளை பிறந்ததையே காரியம் முடிந்ததற்குச் சான்றாகக் கொள்ளும்படி அதனை ஆக்கியவன் அவனே. விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் தொடுகைகள் பிரிந்தன.

மறுநாள் அவன் தந்தையோடு முன்னர் வேலைசெய்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றான். தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார்களைப் பராமரித்து முதுமையடைந்தவர். பொறியியற் கல்வி பெற்றவரல்லர். அவன் கொணர்ந்த நீலநிறப் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவனைத் தொழிற்சாலைக்குள் அழைத்துச் சென்று சுவரோரம் நின்ற இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கும் கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்கும் உரிய கொன்டாக்டர்கள் உள்ளே வரிசையாக இருந்தன. கொன்டாக்டர் என்பதும் ரிலேதான். மோட்டார் புறப்படும் வேகத்தைத் தாங்குமாறு தடித்த தொடுகைகளும் வலிய வில்லும் கொண்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் கொன்டாக்டர் மூடித் தன் துணைத் தொடுகையாலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தான் அப்பிடியை அறுக்கும். மின்சாரம் தடைப்பட்டால் பிடி தானே விடுபடும். மின்சாரம் மீண்டாலும் ஒருவர் வந்து பச்சையை அழுத்தும்வரை ரோலர் அசையாது. இடையில் எவரேனும் ரோலருக்குள் கைவிட்டிருந்தால் அக்கை தப்பும்.

"தம்பி, மெசின ஓட விடுறதுக்கு ஒரு வழி போதும். நிப்பாட்டுறதுக்கு மூணு வழி வேணும்" என்றார் பெரியவர். வேறு விளக்கம் எதுவும் அவர் தரவில்லை.

அப்பெரியவர் அனுபவத்தாற் கண்டதை இருப்புப்பாதைத் துறையினர் பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றனர். அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் 1872 இல் உரிமம் பெற்ற தண்டவாளச் சுற்று இதற்குச் சிறந்த சான்று. தண்டவாளங்களினூடே சிறு மின்னோட்டமொன்று இடையறாது பாய்ந்து ஒரு ரிலேயைப் பிடித்துவைத்திருக்கும். பிடித்துள்ளவரை பாதை திறந்திருப்பதாகச் சைகை காட்டும். புகைவண்டி வந்ததும் அதன் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே கடத்திவிட, ரிலே தளர்ந்து விழும். சைகை 'அபாயம்' எனக் காட்டும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும் விளைவு அதுவே. வண்டியில்லாத வேளையிலே வீணாக 'அபாயம்' எனக் காட்டி ஒரு வண்டியைத் தாமதிக்கச் செய்யலாம். வண்டி நிற்கும் பாதையைத் திறந்ததாகக் காட்டாது. பழுதடையாத கருவியைச் செய்ய எவராலும் இயலாது. பழுதடையும்போது எப்பக்கம் விழவேண்டும் என்பதை மட்டுமே செய்பவன் தீர்மானிக்கலாம். இளைஞனின் பெட்டி பழுதடைந்தபோது ஓடும் பக்கமாக விழுந்தது.

சேறு அள்ளிய களைப்போடு லயத்து வாசலில் அமர்ந்திருந்த அவனுக்கு, தான் பிறந்த மண்ணின் வரலாறே ஒரு மின்சுற்றுப்போலத் தோன்றியதில் வியப்பில்லை. தோட்டத்துத் துரையின் சொல் கணக்கப்பிள்ளைக்கும், அவர் வாயிலாகக் கங்காணிக்கும், கங்காணி வாயிலாக மலையில் நிற்கும் நூற்றுக்கணக்கானோர்க்கும் சென்றது. துரையும் தொழிலாளியும் ஒருவரையொருவர் தொடாமலேயே காரியம் நடந்தது. மெல்லிய குரலொன்று இடையிலுள்ள கைகளால் பெருவிசையாக மாறி மலைகளைத் தேயிலையாக்கியது. அந்த ஏற்பாட்டில் மேலிருந்து கீழே ஏவல் செல்லக் கம்பி இருந்தது; கீழிருந்து மேலே 'பொறுக்க முடியவில்லை, நிறுத்துக' எனச் சொல்லக் கம்பி இல்லை. 1931 இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது முயன்றது அக்கம்பியை இழுக்கவே எனலாம். அதனை இழுப்பது எளிதாயிருக்கவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். வேலைநிறுத்தம் என்ற தமிழ்ச் சொல்லில் நிறுத்தம் என்பது வெளிப்படையாகவே நிற்கின்றது. கீழுள்ளவன் கையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருத்தல் வேண்டும் என்பதே அச்சொல்லின் உட்பொருள். மின்சுற்றையும் மனிதரையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்தல் ஒரு எல்லைவரையே பொருந்தும். கம்பியிலே இருபுறமும் தொடாதிருத்தல் காப்பாகின்றது. மனிதரிடையே தொடாதிருத்தல் அவ்வாறு காப்பாகவில்லை. ஆயினும் மேலே செல்லும் செய்திக்கு வழியில்லாத இடத்திற் கீழே என்ன நிகழ்கின்றது என்பதை ஏவுபவன் அறியமாட்டான் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

நிறுத்துவதற்கு வழி மட்டும் போதாது. நிறுத்தப்பட்ட ஆற்றலுக்குப் போக்கிடமும் வேண்டும். இதற்கும் மலையகத் தோட்டங்களே சான்று தருகின்றன. தேசிய மின்வலையின் வருகையாற் கைவிடப்பட்ட தோட்டத்து நீர்ச்சுழலிகள் சிலவற்றை மீட்கும் பணியில் 1980 களில் இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழு ஈடுபட்டது. 'சிறியதே அழகு' என்ற பொருள்பட 1973 இல் நூல் எழுதிய பொருளியலறிஞர் சூமாக்கர், பிரித்தானியாவிலே 1960 களில் தோற்றுவித்த அமைப்பு அது. ஓடைச் சுழலிகளுக்கு அவர்கள் பயன்படுத்திய மின்னணுச் சுமைக் கட்டுப்படுத்தி எளிய ஒரு தத்துவத்தைக் கொண்டது. தொழிற்சாலையில் ஒரு மோட்டார் திடீரென நின்றால், சுமையிழந்த சுழலி கட்டுமீறி வேகங்கொள்ளும். நீரின் வாயிலைச் சடுதியாக மூடுவதும் கடினம். ஆகவே தேவைப்படாத மின்சாரத்தை அக்கட்டுப்படுத்தி அக்கணமே வெப்பச் சுருள்களுக்குத் திருப்பிவிடும். சுழலி தன் வேகம் மாறாது, செக்கனுக்கு ஐம்பது சுற்றலைவில் மின்சாரத்தை வழங்கிக்கொண்டேயிருக்கும். சில வோல்ற்றில் இயங்கும் சிறு மின்சுற்று ஓர் ஓடையின் வலிமையை ஆள்வதன் இரகசியம் அதனைத் தடுப்பதிலன்று, அதற்கு மாற்றுவழி விடுவதிலே உள்ளது. சுருளுக்கு டயோட், சுழலிக்கு வெப்பச் சுருள் என்றால், தாங்கியின் மிகைநீருக்கு எது? அக்கேள்வியை அவன் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

இரண்டாம் முறை அவன் வேலையை மறுதலையாகத் தொடங்கினான். பலகையை எடுக்குமுன் மண்வெட்டியை எடுத்தான். தாங்கியின் விளிம்பிலிருந்து மிகைநீர்க் குழாயொன்றை இறக்கி, லயத்துக்குப் புறத்தே செல்லும் கானோடு சேர்த்தான். மூன்று பிள்ளைகளின் தந்தை அதற்குத் துணைநின்றார். அடுத்து, மோட்டாரை ஏவும் பொறுப்பை ரிலேயிடமிருந்து நீக்கி, 24 வோல்ற்றுச் சுருளுள்ள கொன்டாக்டரிடம் ஒப்படைத்தான். ரிலேக்கு இனி அச்சுருளை ஏவுவது மட்டுமே பணி. தீப்பொறி எழாத இலேசான பணி அது. தாங்கியின் உச்சியில் இரண்டாவது மிதவை ஆளியொன்றை அமைத்து, கொன்டாக்டர்ச் சுருளுக்குச் செல்லும் 24 வோல்ற்றுக் கம்பியிலேயே தொடராக இணைத்தான். பலகை திகைத்தாலும், ரிலே ஒட்டினாலும், நீர் அம்மட்டத்தை எட்டியதும் மிதவை தானே கம்பியைப் பிரிக்கும். அது எவரையும் கேட்பதில்லை. ஆயிரம் லீற்றர் நிரம்ப முப்பத்து மூன்று நிமிடம் போதுமாகையால், நாற்பது நிமிடத்துக்கு மேல் மோட்டாரை ஓடவிடாதபடி நிரலை மாற்றினான். கொன்டாக்டரின் துணைத் தொடுகையிலிருந்து ஒரு கம்பியைப் பலகைக்கு மீட்டுக் கொணர்ந்தான். நிறுத்து எனச் சொல்லியபின்னும் கொன்டாக்டர் மூடியேயிருந்தால் மணியொலிக்கும். தன் ஏவல் நிறைவேறியதா என்பதைப் பலகை இப்போது கேட்டறிகின்றது. இறுதியாக, 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் ஒன்றையும், அளவுமீறிச் சூடேறினால் மோட்டாரை விலக்கும் ரிலேயையும், தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக்கொண்டு பொருத்துவித்தான். முதன்முறை செலவானதைப்போல நான்கு மடங்கு செலவாயிற்று. அதிற் பெரும்பகுதி, நாள்தோறும் எந்த வேலையும் செய்யாது காத்திருக்கும் பொருள்களுக்கே சென்றது.

வேலை முடிந்த அன்று லயத்தவர் சிலர் கூடிநின்றனர். சுவரில் இரண்டு பொத்தான்கள் இருந்தன, பச்சையொன்று, சிவப்பொன்று. இரண்டிலும் ஐந்து வோல்ற்றே. துருவேறிய பழைய பெட்டி கழற்றப்பட்டு, சுவரில் அதன் தடம் மட்டும் எஞ்சியிருந்தது. மகன் தாயை அழைத்துப் பொத்தானை அழுத்தும்படி கேட்டான். அவள் பீலியிலிருந்து வந்தவளாதலாற் கை ஈரமாயிருந்தது. சேலைத் தலைப்பிலே துடைக்கப் போனவளை அவன் தடுத்து, ஈரக்கையாலேயே அழுத்தலாம் என்றான்.

அவள் உடனே அழுத்தவில்லை. "ஓடுறது இருக்கட்டும். இத அமத்துனா நிக்குமா?" எனச் சிவப்பைக் காட்டிக் கேட்டாள்.

மகன் பச்சையைத் தானே அழுத்தினான். பணியப் பக்கத்தில் மோட்டார் உறுமத் தொடங்கியது. தாய் ஈரம் சொட்டும் விரலாற் சிவப்பை அழுத்தினாள். உறுமல் அடங்கியது. அவள் சிறிது நேரம் செவிசாய்த்து, அது மெய்யாகவே அடங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்டாள். பின்னர் மீண்டும் ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தும்படி கேட்டாள். மூன்றாம் முறையும் அவ்வாறே கேட்டாள். அதன்பின்னரே குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.